வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா என்று சொல்லிவிட்டார்களா? முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை

2022-ல் அப்பாவுக்கு டிமென்ஷியா (நினைவும் புரிதலும் படிப்படியாகக் குறையும் நோய்) என்று டாக்டர் சொன்னபோது எங்கள் கையில் இருந்தது ஒரு மாத்திரைச் சீட்டும் "மூணு மாசம் கழிச்சு கூட்டிட்டு வாங்க" என்ற ஒரு வார்த்தையும்தான். அந்த மூன்று மாதம் வீட்டில் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்தக் காகிதத்தை முதலில் தயார் செய்வது, எவ்வளவு செலவாகும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா மதுரையில் அரசுப் பேருந்துக் கண்டக்டராக 31 வருடம் ஓடியவர். அம்மாவுக்கு மூட்டுவலி, நான் வேலைக்குப் போகிறவள், தம்பி ஓசூரில். தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, எந்த வரிசையில் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. நேரமில்லை என்றால் 3, 4 இரண்டையும் மட்டுமாவது இன்றைக்கே படித்துவிடுங்கள்.

1. மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்று சொல்லியே நாங்கள் ஒன்றரை வருடம் கடத்திவிட்டோம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயது. சாவி எதற்கு என்று கையில் வைத்துக்கொண்டு நிற்பது வேறு.

டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். "மறதி ஜாஸ்தியா இருக்கு" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "பத்தாம் தேதி, 20 வருஷமாகப் போகும் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார்" என்று எழுதினால் தெரியும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளி, அரிப்பு, அடிக்கடி சிறுநீர் போவது இவற்றுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே வயதானவர்களுக்கு நினைவைக் குழப்பும்.

பார்க்க வேண்டியது நரம்பியல், மனநலம் அல்லது முதியோர் மருத்துவம் படித்த டாக்டர். ரத்தத்தில் பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், சிறுநீரகம் பார்ப்பார்கள். தலைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டுத் தலைக்குள் ரத்தம் உறைந்திருப்பது, இவையெல்லாம் டிமென்ஷியா மாதிரியே தெரியும், ஆனால் வைத்தியத்தில் சரியாகக்கூடியவை. அதனால் ஸ்கேனுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். தனியாரில் எங்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு 3,200, எம்.ஆர்.ஐ.க்கு 6,500 ரூபாய் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதில் ஒரு பங்குதான் ஆகும், ஆனால் இரண்டு மூன்று நடை நடக்க வேண்டும். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாகக் குழம்பினால் அது டிமென்ஷியா முற்றியது என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். சிறுநீரில் கிருமி, சோடியம் இறங்குவது, நாலு நாள் மலச்சிக்கல், எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்பாவுக்கு இரண்டு முறை இப்படி ஆனது, இரண்டு முறையும் சிறுநீர்த் தொற்றுதான்.

2. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள்

நோயின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். டிமென்ஷியாவில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வரும் அல்சைமரா, பக்கவாதத்தால் வந்ததா, மூளையில் ஒரு வகைப் புரதம் படிந்து வரும் லூயி பாடி வகையா என்பதைப் பொறுத்து மருந்தும் எச்சரிக்கையும் மாறும். எழுத்தில் நோயின் பெயர் இல்லாத சீட்டு பிறகு எந்தச் சான்றிதழுக்கும் உதவாது, நாங்கள் இதற்காகவே ஒரு முறை திரும்பப் போனோம்.

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமாண்டின் மாதிரி மருந்துகள் கொடுப்பார்கள். இவை நோயைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் தடுமாற்றத்தைக் குறைக்கும். டொனெபெசில் ஆரம்பித்ததும் வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். மயக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். கோபம், சத்தம் என்று சொன்னதும் சில இடங்களில் மனநோய்க்கான மாத்திரையைச் சேர்த்துவிடுவார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகளால் பக்கவாத ஆபத்தும் உயிர் ஆபத்தும் கூடும், லூயி பாடி வகையில் இன்னும் மோசம். எதற்காக, எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவோம் என்ற மூன்றையும் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.

3. அவரிடமே சொல்லுங்கள், அவரிடமே கேளுங்கள்

நோய் தெரிந்த புதிதில் நானும் தம்பியும் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தோம், யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று. அப்பா பக்கத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அதை நாலாக மடித்து மடியில் வைத்துவிட்டு, "நான் இங்கனதான் இருக்கேன்மா. என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். அந்த ஒரு வரி எங்களுக்கு எந்த வழிகாட்டிக் கையேட்டிலும் கிடைக்கவில்லை.

நோயின் ஆரம்பத்தில் இருப்பவருக்குத் தன் விருப்பத்தைச் சொல்லத் தெரியும். அந்தக் காலம் சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு நாலு வருடம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இப்போதே கேளுங்கள். காலை வேளையில், டீ குடித்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. எங்கே இருக்க விருப்பம், யார் குளிப்பாட்டலாம், யாரிடம் நோயைப் பற்றிச் சொல்லலாம், பணத்தை யார் பார்ப்பது, கடைசியில் விழுங்க முடியாமல் போனால் மூக்கில் குழாய் வைக்கலாமா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அவர் ரொம்ப சாதாரணமாகப் பதில் சொன்னார், வேண்டாம் என்று. பெண் ஆள் குளிப்பாட்டக் கூடாது, தினமும் ஷேவ் செய்துவிட வேண்டும் என்றார். அப்புறம், "உங்கம்மா முடியாமப் போனா என்னை ஹோம்ல விட்டுடுங்க, அவளைப் படுத்தாதீங்க" என்றார். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. தேதி சொல்லி அவர் அனுமதியோடு போனில் வீடியோ எடுத்து வைத்தோம்.

சட்டப்படி வேண்டுமென்றால், செயற்கை உயிர் காப்பு வேண்டாம் என்ற விருப்பத்தை இரண்டு சாட்சிகள் முன் எழுதி நோட்டரி அல்லது கெஜட் அதிகாரியிடம் அத்தாட்சி வாங்கி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்து 2023-ல் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. அவர் மனத்தெளிவோடு இருக்கும்போது எழுதினால்தான் அது செல்லும்.

4. கையெழுத்து வேலைகளை முதல் மூன்று மாதத்துக்குள் முடியுங்கள்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். "இப்பவே சொத்து பேச வேண்டாம், அப்பா மனசு கஷ்டப்படும்" என்று விட்டுவிட்டோம்.

முதலில் வங்கி. தனிக் கணக்கு என்றால் துணைவரையோ பிள்ளையையோ சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நாமினி பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு டெபாசிட்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஆதார், பான், பாஸ்புக், இரண்டு போட்டோ போதும், ஆனால் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து மாறிக்கொண்டே போகும் என்பதால், கிளையில் புதுக் கையெழுத்தைப் பதிவு செய்து வையுங்கள். கைரேகை வைக்கும் நிலை வந்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கூட்டம் குறைவான நாளாகப் பார்த்து, காலையிலேயே போங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் அவருக்குப் பொறுமை போய்விடும்.

அடுத்தது பவர். பவர் ஆஃப் அட்டர்னி (நமக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று பத்திர ஆபீஸ் வாசலில் நிறைய பேர் சொல்வார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துவிடும். அதாவது உங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது செல்லாது. ஆரம்பத்தில் கொஞ்ச நாள் வேலைக்கு உதவும், அவ்வளவுதான்.

உயில் எழுதுவதாக இருந்தால் இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. அதே நாளில் "சுயநினைவோடு, புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருக்கிறார்" என்று டாக்டரிடம் சான்று வாங்கி இணையுங்கள். சொந்தத்தில் யாராவது பின்னால் கேள்வி கேட்டால் அந்த ஒரு பக்கம்தான் பேசும். வீட்டை உடனே பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதும்படி அவரை அவசரப்படுத்தாதீர்கள், அம்மா இருக்க இடம் இல்லாமல் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அப்பாவின் பெயரில் மட்டும் இருந்த ஒரு டெபாசிட் முதிர்ந்தது, பணம் அவர் வைத்தியத்துக்கே தேவை, ஆனால் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை, எதற்குப் போடுகிறோம் என்றும் தெரியவில்லை. வங்கி கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பாதுகாவலர் நியமன உத்தரவு வாங்கி வாருங்கள் என்றார்கள். மருத்துவச் சான்று, எல்லா வாரிசுகளின் சம்மதம், சொத்து விவரம், வக்கீல் கட்டணம் என்று அது பல மாதம் போகிற வேலை. எங்கள் மனு இன்னும் நடக்கிறது.

அப்புறம் ஓய்வூதியம். வருடாவருடம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். தபால்காரரே வீட்டுக்கு வந்து விரல் ரேகை வைத்து ஜீவன் பிரமாண் சான்று எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். வயதானவர்களுக்கு ரேகை சில சமயம் பதியாது, அப்போது போனில் முகத்தைக் காட்டிப் பதியலாம். அதில் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அப்பாவிடம் சிமிட்டுங்கள் என்றால் கண்ணை அகல விரித்துக்கொண்டு பார்ப்பார். அம்மா எதிரில் நின்று தன் கண்ணைச் சிமிட்டிக் காட்டினார், அதைப் பார்த்து அவரும் சிமிட்டினார், பதிந்துவிட்டது. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் நடப்பில் இருப்பதாக மாற்றி வையுங்கள், எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

5. சான்றிதழ், வரி, காப்பீடு

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம். ஆதார், போட்டோ, நோய் விவரம் எழுதிய மருத்துவ ஆவணங்கள் வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அவரை நேரில் அழைத்துப் போக வேண்டும் என்பதால், தண்ணீர், மாற்று வேட்டி, ஒரு துணை ஆள் இல்லாமல் கிளம்பாதீர்கள். டாக்டர் கேள்வி கேட்கும்போது அப்பா டிப்டாப்பாகப் பதில் சொல்லிவிட்டார், புது இடத்தில் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருப்பார்கள். உங்கள் நோட்டை அப்போது காட்டுங்கள்.

வருமான வரியில், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், 80டிடிபி பிரிவில் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு மூத்த குடிமக்கள் விஷயத்தில் 1,00,000 ரூபாய் வரை கழிவு உண்டு. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று நரம்பியல் நிபுணர் எழுதித் தர வேண்டும். மாற்றுத்திறனாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு 80டிடி பிரிவில் 75,000, கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000. ஆனால் இந்த இரண்டுக்கும் அவர் உங்களைச் சார்ந்திருப்பவராக இருக்க வேண்டும், சொந்தமாக நல்ல ஓய்வூதியம் வாங்குகிறவரை அப்படிக் காட்ட முடியுமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள், சில சமயம் அவர் பெயரிலேயே 80யு-வில் எடுப்பதுதான் சரியாக இருக்கும். 2025-ன் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதையும் கவனியுங்கள்.

70 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. இது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு ரூபாயும் வராது. வீட்டுக்கு வருவது என்றால் மக்களைத் தேடி மருத்துவம்தான்: சர்க்கரை, பிரஷர் மாத்திரை, இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் தணிப்பு நர்ஸ். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் பதியுங்கள், தானாக யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

6. வீட்டில் மாற்ற வேண்டியது

பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத மேட், கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு. இவ்வளவுக்கும் எங்களுக்கு 4,800 ரூபாய். பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இதற்குக் காசே இல்லை. கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டரில் அணையுங்கள். வாசல் கதவுக்கு மேலே, கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். ஆனால் வீட்டில் யாரும் இல்லாமல் அவரைப் பூட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள், தீ என்றால் வெளியே வர முடியாது.

சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு வைத்தோம், அவர் தினமும் எடுத்துப் போட்டுவிடுவார். பெயரும் நம்பரும் பொறித்த ஸ்டீல் காப்பு 250 ரூபாய்க்குச் செய்து போட்டோம், அது கையிலேயே இருக்கிறது. காணாமல் போனால் நீங்களே மணிக்கணக்கில் தேடாமல் முதல் அரை மணியில் 112-க்கு அடியுங்கள். சமீபத்திய முழு உருவ போட்டோ போனில் தயாராக இருக்கட்டும்.

7. சாயங்காலம்

ஐந்தரை மணி ஆனால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய தோல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு" என்று வாசலுக்குப் போய்விடுவார். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். "ரிட்டயர் ஆகி 16 வருஷம் ஆச்சுப்பா" என்று நான் ஒவ்வொரு நாளும் விளக்கினேன். அவருக்கு ஆத்திரம் வந்து ஒரு நாள் அம்மாவைத் தள்ளிவிட்டார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "இன்னைக்கு உங்களுக்கு வீக் ஆஃப்ங்க, சார்ட்ல போட்டிருக்கு" என்றார். அப்படியா என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தட்டில் சில்லறையைக் கொட்டிக் கொடுப்போம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பிரித்து அடுக்குவார், அந்த விரல் மட்டும் எதையும் மறக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஓடிவிடும். உங்கள் வீட்டில் இருப்பவர் என்ன வேலை பார்த்தாரோ அதிலிருந்து ஒன்றைத் தேடுங்கள். நாலு மணிக்கே விளக்கைப் போடுங்கள், மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு காபி வேண்டாம்.

சாப்பாட்டில் ஒன்று: நேராக உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி உட்கார்ந்திருக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது இருமல் வர ஆரம்பித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவது இந்த நோயில் பெரிய ஆபத்து.

8. ஆள் வைப்பது

ஏஜென்சி மூலம் வீட்டிலேயே தங்கும் ஆண் உதவியாளருக்கு நாங்கள் மாதம் 24,000, சாப்பாடு தனி. பதிவுக் கட்டணம் 3,000. பகல் மட்டும் வருபவருக்கு நாளுக்கு 750 கொடுத்தோம். ஒரு வேளைக்குத்தான் வசதி என்றால் இரவுக்கு வையுங்கள் என்பேன், தூக்கம் கெட்டால் பகலில் நம்மால் எதுவும் முடியாது. டயப்பர் பத்து கொண்ட பாக்கெட் 450 ஆகிறது, மாதம் ஆறு ஏழு வேண்டும்.

மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கேட்டால் கொடுக்காதீர்கள். எங்களிடம் வாங்கிய ஒரு ஏஜென்சி, ஆள் எட்டாம் நாள் சொல்லாமல் போன பிறகு போனை எடுக்கவே இல்லை. வருகிறவரின் ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, ஆள் நின்றால் எத்தனை நாளில் மாற்று, வாரவிடுமுறை எப்போது, இவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷன் முடிந்தவரைப் பார்த்த அனுபவம் வேறு, டிமென்ஷியா அனுபவம் வேறு என்பதால் அதைக் குறிப்பாகக் கேளுங்கள். முதல் மூன்று நாள் நீங்கள் விடுப்பு எடுத்துக் கூடவே இருந்து, அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், எதற்குக் கோபப்படுவார் என்று காட்டிக் கொடுங்கள். அப்பாவைக் "கண்டக்டர் சார்" என்று கூப்பிட்ட பையனிடம்தான் அவர் ஷேவ் செய்யக் கன்னத்தைக் காட்டினார்.

9. பார்த்துக்கொள்கிறவருக்கு

கூடப் பிறந்தவர்களோடு மாதச் செலவை எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள், வாய்ப் பேச்சாக விடாதீர்கள். பணம் கொடுப்பவரும் வருடத்தில் சில நாள் நேரில் வந்து இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். முதியோர் உதவி எண் 14567, உங்கள் மனம் தாங்காதபோது பேச டெலி மனஸ் 14416, இரண்டிலும் தமிழில் பேசலாம். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பின் டிமென்ஷியா பிரிவும், அல்சைமர் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யின் கிளையும் குடும்பத்தாருக்கு வழி சொல்கிறார்கள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் நாங்கள் கேட்டது இரண்டு வருடம் கழித்துத்தான். "ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்" என்றார். இப்போது மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை தம்பி ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவான். சனி, ஞாயிறு இரவு அப்பா அறையில் அவன் படுப்பான். அம்மா தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவார், காலை எட்டு மணிக்கு முன்னால் நாங்கள் யாரும் அவருக்குப் போன் பண்ணுவதில்லை.